கண்ணாயிரம் சாமிக்கு ஒரு கருமாதி

எங்கள் ஊர்ச் சாமி ஒரு ஜெயில் கைதி. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவரவர் ஊர்ச் சாமியின் பூர்வீகத்தைக் கிளறிப் பார்த்தால் அங்கேயும் இப்படி ஏதாவது அகப்படும்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கிழக்கே வந்தால், தார் ரோடு முடிந்து உப்பங்கழி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் புன்னைத்திட்டு. கரையில் நின்றால் கழிக்கு நடுவே ஒரு தீவு தெரியும். வெள்ளைக்காரன் கட்டிய ஜெயில் அதில் இடிந்து கிடக்கிறது. நாங்கள் அதைக் கொட்டடித்திட்டு என்போம். விடுதலைக்குப் பிறகு கொஞ்ச வருஷத்தில் அதை மூடிவிட்டார்கள். கைதிகளைச் சர்க்கார் கடலூருக்குக் கொண்டுபோனது. கம்பிகளையும் கதவுகளையும் எங்கள் ஊர்க்காரர்கள் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் ஊரில் பாதி மாட்டுக்கொட்டகைக்கு ஜெயில் கதவுதான்.

நான் எழிலன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு அந்தத் தீவைக் காட்டிவிட்டு வருவது என் பிழைப்பு. இடிந்த சுவரை மட்டும் காட்டினால் யார் வருவார்கள்? கதை சொல்ல வேண்டும். கதைக்கு எங்கள் தீவில் பஞ்சமில்லை. கள்ளச்சாவி சின்னான் என்று ஒருத்தன் இருந்தானாம். அவன் கையில் ஒரு துண்டுக் கம்பி கிடைத்தால் எந்தப் பூட்டும் திறந்துவிடும். ஆனால் நீச்சல் தெரியாது. அதனால் பொழுது சாய்ந்ததும் தன் கொட்டடியைத் தானே திறந்துகொண்டு வந்து, கரையில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, திரும்பிப் போய்த் தானே பூட்டிக்கொள்வானாம். வரப்புத் தகராறில் இரண்டு பேரை வெட்டிவிட்டு வந்த வேலாயுதம் என்ற இன்னொருத்தனுக்கு இருட்டைக் கண்டால் பயம். அவனுக்காக வார்டர் விடிய விடிய லாந்தர் ஏற்றி வைத்திருப்பாராம். சிதம்பரம் கல்லூரிப் பிள்ளைகள் இதற்கெல்லாம் நன்றாகச் சிரிப்பார்கள்.

கண்ணாயிரம் கதைக்கு மட்டும் சிரிக்க மாட்டார்கள். யுத்த காலத்தில் அரிசிக்குச் சனங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, பூட்டிக் கிடந்த ஒரு நெல் கிடங்கை உடைத்துத் திறந்துவிட்டு, அள்ளிக்கொண்டு போங்கள் என்று ஊரையே கூப்பிட்டவன் அவன். தனக்கென்று ஒரு படி எடுக்கவில்லை. அதற்குத்தான் கொட்டடித்திட்டு. முதல் தடவை வாழைமரங்களைக் கட்டி மிதந்து போனான். கடலில் நீர் ஏறி, கொண்டுபோன வெள்ளமே அவனைத் திருப்பிக் கொண்டுவந்து ஜெயில் படிக்கட்டில் சேர்த்தது. இரண்டாவது தடவை சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் ஏற்றிப் போகும் படகில் கிளிஞ்சலுக்கு அடியில் படுத்தான். தூசியில் தும்மல் வந்து மாட்டிக்கொண்டான். மூன்றாவது தடவை காலில் விலங்கோடு கழியில் குதித்து நீந்தினான். நடுவில் முதலை வந்தது. அதோடு சண்டை போட்டு, கரை தொடுகிற நேரத்தில் முழுகிப்போனான். செத்தவன் சாமியானான். இதுதான் நான் சொல்லும் கதை. அந்த முதலையை ஆறடியிலிருந்து பன்னிரண்டடிக்கு வளர்த்ததும் நான்தான்.

பங்குனி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திருவிழா. நீர் வற்றுகிற நேரம் பார்த்து, ஊர்ப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு கழியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் இறால் பிடிப்பது அப்படித்தான். இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடித்த இறாலை, வாயில் தொங்கும் கூடையில் போடுவார்கள். கரையில் நடுகல்லுக்கு முன்னால் கேழ்வரகுக் கஞ்சி, சுட்ட இறால், புதிதாக முடைந்த ஒரு பறி, இவ்வளவுதான் படையல். பூசாரி தீவைப் பார்த்து மூன்று முறை கூப்பிடுவார்: "கண்ணாயிரம், கரையேறிட்டியா?" மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு ஒரு சத்தம் இருக்கக்கூடாது. குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்திவிடுவார்கள். சாமி அந்த நேரத்தில் பதில் சொல்லும் என்பது நம்பிக்கை. அப்புறம்தான் மேளம். பக்கத்து ஊர் சார்லஸ்தான் வருஷா வருஷம் பறையடிக்க வருவான். ஞாயிறு காலைப் பூசையை முடித்துக்கொண்டு நேரே மாதா கோயிலிலிருந்து வருவான்.

கடலூர் ஜெயிலில் பிள்ளையோ புருஷனோ இருக்கிறவர்கள் அன்றைக்குப் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். திறந்த பூட்டு ஒன்றைப் புன்னை மரத்தில் கட்டிவிட்டு, எங்க பிள்ளையையும் கரையேத்து சாமி என்று அழுவார்கள். அந்த அழுகையைக் கேட்டவர்கள் எங்கள் சாமியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் வருவார். சேத்தியாத்தோப்புக்காரர், பேர் சுப்புராயன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெட்டையான ஆள். புன்னை மரத்துக்குப் பின்னால் தனியாக நிற்பார். ஒரு நாளும் கைகூப்பிக் கும்பிட்டதில்லை. திருநீறு கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் இருக்கிறவர் நெற்றியில் பூசிவிடுவார். ஒரு வருஷம் பூசாரி ராஜாமணி மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியைக் கும்பிட மனசில்லாதவனுக்குக் கஞ்சி எதற்கு என்று வரிசையிலிருந்து தள்ளிவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றார். கஞ்சி ஊற்றிய பொன்னி அத்தை அவருக்கு மட்டும் இரண்டு கரண்டியாக ஊற்றியது. அத்தை யாருக்கும் ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றாத ஆள். அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

இன்னொரு கெட்ட பழக்கமும் அவரிடம் இருந்தது. மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு ஊரே மூச்சடக்கி நிற்கையில், மரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வரும். என்ன சொல்கிறார் என்று புரியாது. கிழவர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று கோயில் கமிட்டியில் பேசிக்கொள்வோம். ஒரு தடவை என் படகில் ஏறித் தீவைப் பார்க்க வந்தார். நான் முதலைச் சண்டையை விவரித்து முடித்ததும், அதற்குப் பல் எத்தனை என்று எண்ணினாயா தம்பி என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுனாமி வந்த அடுத்த பங்குனியில், ஊரில் வீட்டுக்கு வீடு துக்கம். திருவிழா வேண்டாமென்று விட்டுவிட்டோம். அவர் வழக்கம்போல் வந்து இறங்கினார். கோயில் சுவர் போய், கல் மட்டும் நின்றுகொண்டிருந்த இடத்தில் வெயிலில் காத்திருந்தார். பிறகு எங்களிடம் வந்து, கஞ்சி வேண்டாம், மேளம் வேண்டாம், கூப்பிடவாவது கூப்பிடக்கூடாதா என்றார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார். ராஜாமணி மாமா மனசு இளகிக் கூப்பிட்டார். அந்த மனுஷன் தேம்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்தி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்கு நாலு வருஷம் கழித்து வந்த பங்குனியில், திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோயில் வாசலில் நாங்கள் பந்தல் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒயர்கூடையோடு ஒரு அம்மாள் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. பெயர் இருசம்மாள், சேத்தியாத்தோப்பு என்றார். வருஷா வருஷம் மரத்துக்குப் பின்னால் நிற்பாரே, அவருடைய சம்சாரம். மாசியில் அவர் தவறிப்போய்விட்டார். தூக்கத்திலேயே போன நல்ல சாவு. நாங்கள் வருத்தம் சொன்னோம். வருஷம் தவறாமல் வந்த பக்தர், சாமி அவருக்குக் குறை வைக்காது என்று ராஜாமணி மாமா ஆறுதல் சொன்னார்.

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தார்.

"பக்தர் இல்லீங்க. அவருதான் கண்ணாயிரம்" என்றார்.

மேலே கீற்று கட்டிக்கொண்டிருந்தவன்கூட இறங்கி வந்துவிட்டான். அம்மாள் நிதானமாகச் சொன்னார். கரும்பு வெட்ட வந்த சுப்புராயன் என்றுதான் அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னார். வேறு ஒருவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்குக்கூட. பங்குனியில் அப்பா சிதம்பரம் கோயிலுக்குப் போகிறார் என்று அவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். வீடு கட்டியபோது கதவு வைத்தார், தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, திருட என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ராஜாமணி மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் சாமி முதலையோடு சண்டை போட்டு முழுகியவர்; கண்ட கதையைக் கொண்டுவந்து இங்கே கலக்க வேண்டாம் என்றார். மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அப்பா கூப்பிட்டார், அவர் கூப்பிடுகிறார். உயிரோடு கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து இத்தனை வருஷம் கற்பூரம் காட்டினோம் என்றால் எந்தப் பூசாரிக்குத்தான் பொறுக்கும்?

அப்போது, பந்தலுக்குப் பின்னால் பறி முடைந்துகொண்டிருந்த பொன்னி அத்தை எழுந்து வந்தது. ஊரில் இறால் தடவும் பெண்களில் மூத்தது அத்தைதான். "அந்தம்மா சொல்றது நெசந்தான்" என்றது.

அத்தையின் மாமியார் காலத்துக் கதை அது. ஜெயிலில் கண்ணாயிரத்தை விறகு வெட்ட வெளியே விட்டிருக்கிறார்கள். தீவை ஒட்டிப் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவன் தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பட்டப்பகலில், காவல் மேடை மேல் துப்பாக்கியோடு ஆள் நிற்கும்போது, கழுத்தளவு தண்ணீரில் ஆடி அசைந்து போகிற இந்தத் தலைகளை மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு நாள் அவன் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி அவர்களுக்கு நடுவே வந்து நின்றான்.  அத்தையின் மாமியார் தன் தலையில் இருந்த துணியை அவிழ்த்து அவன் தலையில் கட்டி, தன் வாயில் இருந்த பறியை அவன் வாயில் கொடுத்தது. அவசரப்படாதே, தடவிக்கொண்டே வா என்று கையால் காட்டியது.

அவர்கள் இறால் தடவிக்கொண்டே கழியைக் கடந்தார்கள். பாதி வழியில் ஜெயில் மணி அடித்தது. வார்டர்கள் படகில் வந்து, யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். மாமியார் முந்தானையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டது. மற்ற எல்லார் வாயிலும் பறி. ஒருத்தியும் பேச வேண்டியிருக்கவில்லை. வரிசையாக, இல்லை என்று தலையை ஆட்டினார்கள். அவனும் ஆட்டினான்.

 நான் வளர்த்த பன்னிரண்டடி முதலை அந்த இடத்திலேயே செத்துப்போனது. துப்பாக்கிக்கு முன்னால், மணிச் சத்தத்துக்கு நடுவில், குனிந்து சேற்றில் இறால் தேடிக்கொண்டே போவதற்கு எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும்! அவனுக்கு மட்டுமா, அந்தப் பெண்களுக்கும்தான்.

கரைக்கு வந்தவனை வெள்ளாற்றுப் பக்கம் அனுப்பிவிட்டு, பெண்கள் மாரடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். ஒரு ஆளை முதலை இழுத்துக்கொண்டு போயிற்று என்று கத்தினார்கள். ஜெயிலர் நம்பவில்லை. அதனால் பதினாறாம் நாள் கல் நட்டு, கஞ்சி படைத்து, தண்ணீரைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கருமாதி செய்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஜெயிலருக்குச் சந்தேகம் போனது. ஆனாலும் அடுத்த வருஷமும் படைத்தார்கள், அதற்கடுத்த வருஷமும். ஜெயில் மூடியது, படையல் நிற்கவில்லை. யாரோ வேண்டிக்கொண்டு யாருக்கோ விடுதலை கிடைத்தது. கல் கோயிலாகிவிட்டது. ஜெயில் மூடிய பிறகு ஒரு பங்குனியில் அவன் ஒரு புதுப் பறியோடு வந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அதிலிருந்து வருஷா வருஷம் வந்தான்.

இத்தனை வருஷம் எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். கள்ளுக்கடையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டுகிற வாய்களுக்கு இது எதற்கு என்று மாமியார் சொல்லிவிட்டுப் போனதாக அத்தை சொன்னது. பெண்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாங்கள் கமிட்டி வைத்து மைக் செட் கட்டிக்கொண்டிருந்தோம்.

ராஜாமணி மாமா ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். வரிசையிலிருந்து தள்ளியதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு, இப்போது அந்த அம்மாளுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

இருசம்மாள் சொன்னார். சேத்தியாத்தோப்பில் கருமாதி முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எல்லாம் சுப்புராயனுக்குத்தான் நடந்தது. சுப்புராயன் என்று சொல்லி அழுதார்கள், சுப்புராயன் என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். பெற்றவள் வைத்த பேரைச் சொல்லி ஒருத்தரும் அழவில்லை. அந்தப் பேருக்கு இங்கே ஒரு கருமாதி நடக்க வேண்டும். புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாததால் தன்னால் கூப்பிட முடியாது. பூசாரிதான் கூப்பிட வேண்டும்.

மாமா முடியாது என்று தலையை ஆட்டினார். சாமிக்குக் கருமாதி செய்த ஊர் எங்கேயாவது உண்டா, தீட்டு என்று ஒன்று இருக்கிறதே என்றார். அதைவிட, கடலூரிலிருந்து பூட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்களிடம் சாமி செத்துவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன் என்று கேட்டார். 

இருசம்மாள் அழவில்லை. "முழுகிச் செத்தவருகிட்டயே அவுங்க இத்தன வருஷமா புள்ளைய கரையேத்தச் சொல்லிக் கேட்டாங்க. இவரு முழுகலீங்க. தப்பிச்சு வந்து, பொண்டாட்டி புள்ளைங்களோட அறுவது வருஷம் இருந்துட்டுப் போனாரு. இதச் சொன்னா அவுங்களுக்கு நல்லதா கெட்டதா?"

அவரே மேலே சொன்னார்.

"வருஷா வருஷம் எதுக்குப் போறீங்கன்னு ஒரு தடவ கேட்டேன். என் பேரு அங்கதான் இருக்கு, அத ஒரு தடவ காதால கேட்டுட்டு வந்துடறேன்னாரு. உசுரோட இருந்தவருக்கு இத்தன வருஷம் கருமாதி பண்ணீங்க. செத்தப்புறம் ஒரு தடவ பண்ண மாட்டீங்களா?"

மாமா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூப்பிடுவாரா, கருமாதிக்குச் சம்மதிப்பாரா என்று எங்களுக்குத் தெரியாது. பூசாரி இல்லாமல் திருவிழா இல்லை. இருசம்மாள் பொன்னி அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. எங்கள் ஊர்ப் பெண்களின் வாய் ஒரு வாரமாகச் சும்மா இல்லை. இவ்வளவு காலம் அடக்கி வைத்ததை மொத்தமாகச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். கடலூரிலிருந்து வந்த பட்டம்மாள் என்கிற அம்மா, மகன் பேரில் கேஸ் நடக்கிறது, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நீர் வற்றத் தொடங்கியது. பெண்கள் பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் பொன்னி அத்தையும் இருசம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வயதில் அந்தச் சேற்றில் நிற்பது லேசில்லை. கரையில் கஞ்சியும் இறாலும் பறியும் வைத்தாயிற்று.

ராஜாமணி மாமா வந்தார். மாலை இல்லை, குங்குமம் இல்லை, பட்டு இல்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வெறும் வேட்டி, இடுப்பில் துண்டு. ஒரு கையில் கற்பூரத் தட்டு, இன்னொரு கையில் எள். கல்லின் முன் கற்பூரம் ஏற்றினார். பிறகு தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி எள்ளை இறைத்தார். தீவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கண்ணாயிரம், கரையேறிட்டியா?"

இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை பேர் மட்டும்தான் வெளியே வந்தது, மீதியை விழுங்கிவிட்டார்.

ஊர் மூச்சடக்கியது. நான் என்னையறியாமல் புன்னை மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் எங்களுக்கு எரிச்சல் மூட்டிய குரல் அங்கிருந்து வரவில்லை. அது என்ன சொல்லியிருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

தண்ணீரிலிருந்து இருசம்மாளின் குரல் வந்தது.

"ஏறிட்டாரு சாமி. அன்னிக்கே ஏறிட்டாரு."

பெண்கள் வாயைத் திறந்தார்கள். பறிகள் தண்ணீரில் விழுந்து மிதந்தன. ஒரே குரலில் அவர் பேரைச் சொல்லி அழுதார்கள். அன்றைக்கு ஜெயிலரை ஏமாற்ற அவர்களுடைய மாமியார்கள் அழுத அதே அழுகையை, இவர்கள் உண்மையாக அழுதார்கள். பட்டம்மாள் விறுவிறுவென்று போய்ப் பூட்டை மரத்தில் கட்டியதைப் பார்த்தேன்.

சார்லஸ் பறையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றான். வருஷா வருஷம் இந்த இடத்தில் அவன் சாமிக்கு அடிப்பான். மாமாவிடம் வந்து, சாமி அடி அடிப்பதா, சாவு அடி அடிப்பதா என்று மெதுவாகக் கேட்டான்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டையும் அடிடா" என்றார்.